‘என் நிம்மதிக்காகச் சேவைக்குப் போனால் அது சுயநலமா?’

கேள்வி: எனக்கு 63 வயது. கும்பகோணத்தில் 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மும்பை செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் சாயந்திரம் வரை நானும் டிவியும்தான். ஹிந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாகத் தெரியாது. ‘ஏதாவது சேவைக்குப் போங்கோ மாமி, மனசு லேசாகும்’ என்று கோயிலில் பழக்கமான ஒருவர் தன்னுடைய அமைப்புக்கு அழைத்துப்போனார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பழம் கொடுத்தோம். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் பேனரைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. ஒரு பெரியவர் பழத்தை வாங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ‘உனக்கு இங்க என்னம்மா குறை, எதுக்கு வெயில்ல அலையறே?’ என்கிறான் மகன். நான் போனது அவர்களுக்காகவா, என் பொழுது போவதற்காகவா? என் நிம்மதிக்காகச் செய்தால் அது சுயநலம் இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர்

பதில்: அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட வரியில் உங்கள் கடிதத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பழம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போட்டோ எடுக்கலாமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டிலில் அவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தது முகம் ஒன்றுதான், அதைத் திருப்பிக்கொண்டார். உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதில் ஒரு தப்பும் இல்லை. இறங்கியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அந்தக் கூட்டத்தோடு இனிப் போகாதீர்கள். அதற்காக இந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடும்.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அதெல்லாம் இல்லை, தாராளமாகப் போங்கள்’ என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் 2012-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு குறுக்கே நிற்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பள்ளிப்படிப்பு முடித்தவர்களைப் பல வருஷங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் வயதானபோது, ‘தன்னார்வ வேலைக்கு எதற்காகப் போகிறீர்கள்?’ என்று 2004-ல் கேட்டார்கள். நாலு வருஷம் கழித்துப் பார்த்தால், அடுத்தவருக்கு உதவவும் நாலு பேரோடு பழகவும் போனவர்களில் இறந்தவர்கள் குறைவு. தன் கவலையை மறக்க, தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் வர என்று போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்தவர்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை, போக ஆரம்பிக்கிற காரணமும் தொடர்ந்து போகிற காரணமும் வேறு வேறு. முதல் மாசம் யாராக இருந்தாலும் தனக்காகத்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். நாலாவது வாரம், ‘போன செவ்வாய் ஏன் வரலே?’ என்று ஒரு ஆள் கேட்பார் பாருங்கள், அங்கேதான் காரணம் இடம் மாறுகிறது. மாறவே வழியில்லாத வேலையும் உண்டு. நீங்கள் போய்வந்த பழம் கொடுக்கும் வேலை அந்த ரகம். ஒரே ஆளை இரண்டாம் தடவை பார்க்கவே மாட்டீர்கள், அப்புறம் யார் உங்களைத் தேடுவது? ஆகவே உங்கள் நிம்மதிக்காகவே கிளம்புங்கள், தப்பில்லை. ஒரே இடம், ஒரே கிழமை, திரும்பத் திரும்ப அதே முகங்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வேலை செய்வது? அதை நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டர்! எத்தனை ஆயிரம் விண்ணப்பப் பாரம் உங்கள் கை தாண்டிப் போயிருக்கும்? மணியார்டர், சேமிப்புக் கணக்கு, வாரிசு நியமனம். எந்தக் கட்டத்தில் ஆள் தடுமாறுவார், எங்கே கையெழுத்து விட்டுப்போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். உங்களிடம் இப்படி ஒரு சரக்கு இருக்க, உங்கள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து நிற்கவைத்திருக்கிறார்கள்.

மும்பையில் தமிழ் பேசுகிற முதியவர்களுக்குப் பாரம் என்றால் என்ன என்று ஒரு காட்சி சொல்கிறேன். சில வருஷம் முன்னால் மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் கேஸ் பேப்பர் (நோயாளி பெயரைப் பதிந்து கொடுக்கும் சீட்டு) எடுக்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தாராவியிலிருந்து வந்த ஒரு ஆச்சி. பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, திருநெல்வேலிப் பக்கம். ஜன்னலுக்குள்ளே இருந்தவர் மராத்தியில், “நாவ் காய்?” என்றார். பெயர் என்ன என்று கேட்கிறார். ஆச்சி நிதானமாக, “ஆமாய்யா, நாவு காயத்தான் செய்யுது. வெள்ளனே வந்து நிக்கேன், ஒரு வாய் தண்ணி கெடைக்கல” என்றாள். அவர் திரும்பவும் கேட்க, இவள் திரும்பவும் தாகத்தைச் சொல்ல, பின்னால் வரிசை கத்த ஆரம்பித்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தேன். பழைய சீட்டுகள், ரேஷன் கார்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் ஒரே ரப்பர் பேண்டில். எது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது, அதனால் போகிற இடத்துக்கெல்லாம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிறாள்.

அன்றைக்கு நான் செய்தது ஒன்றும் பெரிசில்லை. பெயர், வயசு, விலாசம் சொன்னேன். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் ‘கண்’, ‘சர்க்கரை’, ‘ரேஷன்’ என்று தமிழில் எழுதிக்கொடுத்தேன். இருபது நிமிஷ வேலை. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

இந்த இருபது நிமிஷத்துக்குத் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் உங்கள் செம்பூரிலும் ஆள் தேவை. மகாராஷ்டிர அரசு ஆதரவற்ற விதவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் மாசாமாசம் உதவித்தொகை கொடுக்கிறது, 65 வயது தாண்டிய ஏழைகளுக்கு ஷ்ராவண் பாள் என்று ஒரு திட்டம். பெயரையே கேள்விப்படாதவர்கள் நிறையப் பேர். கேள்விப்பட்டவர்களும் பாரத்தைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களுக்கு உயிர்ச் சான்று. அது உங்களுக்கே தெரியும். உங்கள் மராத்தி போதாதே என்றால், பெரும்பாலும் பாரத்தில் வரும் கேள்விகள் அதே பத்துப் பன்னிரண்டுதான். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, வருமானம். உங்கள் மருமகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எழுதிக்கொண்டுவிடலாம். மருமகளுக்கும் உங்களுக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்த மாதிரியும் ஆச்சு. (கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் சொல்கிறேன்.)

எங்கே உட்காருவது? முதல் மாசம் எங்கேயும் போகவேண்டாம், உங்கள் பில்டிங்குக்குக் கீழே சொஸைட்டி ஆபீஸிலேயே ஆரம்பியுங்கள். வாட்ச்மேன், லிஃப்ட்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் என்று பாங்க் பாரமும் ஆதார் பாரமும் பையிலே வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் உங்கள் கண் முன்னாலேயே போய்வருகிறார்கள். அரைகுறை ஹிந்தியும் அங்கே தேறிவிடும். அப்புறம் வெளியே போகலாம். சயானில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தில் விசாரியுங்கள், சேடா நகர் முருகன் கோயிலில் பழக்கமானவர்களைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றால் நேரே வார்டுக்குள் போகாமல், அங்கே சமூகப் பணியாளர் பிரிவு இருக்கும், அவர்களைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் இதையெல்லாம், ‘நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா’ என்று போனை நீட்டுவார்கள். தொடாதீர்கள். யாருடைய ஆதார் நகலும் உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. யாருடைய கடனுக்கும் சாட்சிக் கையெழுத்து போடாதீர்கள். மாத்திரை எப்போது சாப்பிடுவது என்று கேட்டால், மருந்து ஜன்னலில் விசாரித்து எழுதிக்கொடுங்கள், ஊகம் வேண்டாம். கவுண்டரில் இருந்தவருக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். ஆனால் அந்தக் கவுண்டரில் உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது, இங்கே இருக்காது.

அடுத்து, எத்தனை நேரம் என்பது. இதில் நான் சூடு பட்டவள். வேலையை விட்ட புதிதில், தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளி நடத்துகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். உற்சாகத்தில் வாரம் அஞ்சு நாளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு மாசம் போனேன். ரயில், படிக்கட்டு, நிற்பது என்று முழங்கால் வீங்கி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்துக் கடைத்தெருவில் அந்த வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்தேன். “டீச்சர், அந்த நரிக் கதை பாதியில நிக்குது” என்றான். கோபமில்லை, தகவல் சொல்கிற குரல். இன்றைக்கும் அது எனக்கு உறைக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் என்று ஆரம்பித்திருந்தால் நரி வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

உடம்புக்கும் அவ்வளவு போதும். 50 வயது தாண்டிய கிட்டத்தட்ட 13,000 அமெரிக்கர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2020-ல் வந்தது. வருஷத்துக்கு 100 மணி நேரமாவது தன்னார்வ வேலை செய்தவர்கள் அதற்கடுத்த நாலு வருஷத்தில் இறந்துபோவதும், நடமாட்டத்துக்குச் சிரமப்படுவதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. வாழ ஒரு பிடிப்பு இருக்கிறது என்ற எண்ணமும் அவர்களுக்கு அதிகம். 100 மணி என்றால் வாரத்துக்கு இரண்டே மணி. அதே ஆய்வில் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி விஷயங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்! செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளிக்கிழமையும் வாங்களேன்’ என்பார்கள். ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று அடிக்கடி நினைப்பு வருகிறது என்றால், சேவை அதற்கு மருந்தாகாது. டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி இருக்கிறது, தமிழிலும் பேசலாம். இரண்டு வருஷம் என்பது ஒரு துக்கத்துக்கு நீண்ட காலமும் இல்லை.

மகன் விஷயம் சுலபம். அவருக்குச் சேவை மேல் ஒன்றும் கோபம் இருக்காது. அம்மா குர்லாவில் வண்டி மாறும்போது விழுந்துவிடுவாளோ என்ற பயம், வாயில் வெயில் என்று வருகிறது. சயானுக்குப் போவதானால் ஹார்பர் லைனில் குர்லா, அங்கே மாறினால் அடுத்த ஸ்டேஷன். ஆபீஸ் கூட்டம் வடிந்த பிறகு லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்தே போகலாம். முதல் தடவை அவரையே கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பெருமழை எச்சரிக்கை வந்த நாளில் போகமாட்டேன் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் நின்று யாருக்கும் பாரம் நிரப்ப முடியாது.

கொண்டுபோக வேண்டியது: மூக்குக் கண்ணாடி, கைரேகைக்கு ஒரு ஸ்டாம்ப் பேட், விரல் துடைக்கப் பழைய துணி, தண்ணீர் பாட்டில் இரண்டு (ஒன்று ஆச்சிக்கு). பால் பாயிண்ட் பேனா இரண்டு. அதில் ஒன்றை மட்டும் நூல் போட்டு மேஜைக் காலில் கட்டிவிடுங்கள். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.