யேல் பல்கலைக்கழகமும் மெட்ராஸ் காசும்

கேள்வி: எங்கள் அல்சூர் குடியிருப்பில் ஒரு பையனுக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஸ்வீட் வாங்கிக்கொண்ட எதிர்வீட்டு மாமா, "அது மெட்ராஸில் அடிமைகளை விற்ற காசில் கட்டினது" என்று சொல்லிவிட்டார். நிஜமா?
வாசகி, பெங்களூரு

பதில்: பாதி நிஜம். கல்லூரி 1701லேயே தொடங்கிவிட்டது, மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த எலிஹு யேல் அதைக் கட்டவில்லை. 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம், இவற்றுக்காகத்தான் அவர் பெயரை வைத்தார்கள். சரக்கை விற்றுக் கிடைத்தது 562 பவுண்டு. அவர் சேர்த்திருந்த சொத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

அந்தச் சொத்து சேர்ந்த இடம் மெட்ராஸ்தான். 1672இல் கம்பெனி வேலைக்கு வந்தவர், 1687இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கே தலைவரானார். சொந்த வியாபாரத்தில், முக்கியமாக வைரத்தில், குவித்தார். 1680இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி ஆலயத்தில் கேத்தரின் என்ற கணவனை இழந்த பெண்ணை மணந்தார். அங்கே நடந்த முதல் கல்யாணம் அது. சின்ன வயதிலேயே இறந்துபோன மகன் டேவிட்டின் கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

இப்போது அடிமை விஷயம். அந்த வருடங்களில் சோழமண்டலக் கரையில் கடும் பஞ்சம், சோற்றுக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையை விற்றவர்களும் தன்னையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. அப்படி விலைபோன நம் ஜனங்களைத்தான் கம்பெனி கப்பலில் ஏற்றியது. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளைக் கொண்டுபோக வேண்டும் என்ற விதியை நடத்திக்காட்டிய நிர்வாகத்தில் யேல் இருந்தார். வைரம்தான் அவருக்குப் பெரிய வருமானம், சரி, ஆனால் அந்தப் பதவி இல்லாமல் அந்த வியாபாரம் ஏது?

1688இல் அடிமை ஏற்றுமதியை அவரே தடை செய்தாரே என்பார்கள். மெட்ராஸ் பகுதியை ஆண்ட கோல்கொண்டா சுல்தானியத்தை முகலாயர் பிடித்த பிறகு, அவர்களுடைய ஆட்சேபத்துக்குப் பயந்து போட்ட தடை அது. இரக்கம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் லண்டன் திரும்பிய பின் வரையப்பட்ட ஓவியம் ஒன்று யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேஜையைச் சுற்றி யேலும் கனவான்களும். ஓரத்தில் ஒரு கறுப்புச் சிறுவன், கழுத்தில் பூட்டுப் போட்ட உலோகப் பட்டை. அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது.

பையன் தாராளமாகப் போகட்டும். மெட்ராஸில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றியும் அங்கே வாய்விட்டுக் கேட்கட்டும்.