மூடியும் கம்பியும் சேர்ந்தால் சிற்பமா?

கேள்வி (வாசகர், மல்லாவி): சேர், சிற்பம் என்றால் எங்களுக்குக் கோயில் விக்கிரகமும் சந்தியில் நிற்கிற சிலையும்தான். ஆபிரிக்காவின் எல் அனட்சுயி போத்தல் மூடிகளால் செய்த ஒன்றைக் கைபேசியில் பார்த்தேன். சரிகைச் சேலையைச் சுவரில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஆளும் இல்லை, முகமும் இல்லை. இதை எப்படிச் சிற்பம் என்பது?

பதில்: தம்பி, சேலை என்று தோன்றியதில் பிழையே இல்லை. அனட்சுயி 1944இல் கானாவின் அன்யாகோவில் பிறந்தவர். கென்டே என்கிற அந்நாட்டுப் பல வண்ணத் துணி நெய்கிற குடும்பம். அவர் தறியில் உட்காரவில்லை, அந்நாட்டின் குமாசி நகருக்குப் போய்ச் சிற்பம் படித்தார். 1975இல் நைஜீரியாவின் என்சுக்காவில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப் போனவர், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். உடைந்த மண்பானைகளிலும், இயந்திர வாளால் அறுத்த பலகைகளிலும் நெடுங்காலம் வேலை செய்த பிறகுதான், 1990களின் கடைசியில், யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு பை நிறையச் சாராயப் போத்தல் மூடிகள் அவர் கையில் கிடைத்தன.

அலுமினிய மூடியின் கழுத்து வளையத்தை வெட்டி விரித்தால் ஒடுக்கமான பட்டி. மேல்பக்கத்தைத் தட்டினால் வட்டத் தகடு. ஓரத்தில் துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று முடிகிறார்கள். உதவியாளர்கள் பலர் முடிந்து தருகிற துண்டுகளைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் அவர் ஒன்றாக்குவார். கிளிநொச்சியில் என் வகுப்புப் பிள்ளைகளுடன் நானும் செய்து பார்த்தேன். கையகலம் சேருவதற்குள் பாடவேளை முடிந்துவிட்டது. கவனமில்லாவிட்டால் தகட்டு ஓரம் விரலைக் கிழிக்கும். ஆனால் அந்தக் கையகலத்தைத் தூக்கிப் பிடித்தபோது அது தானாகவே மடிந்து விழுந்தது. தகரம் இப்படி வளையுமா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாரம், மடிப்பு, மடிப்புக்குள் விழுகிற நிழல் எல்லாம் அதில் உண்டு. கல்லில் சிற்பி தேடுவதும் அவற்றைத்தானே! அனட்சுயியின் வேலைக்கு நிரந்தர வடிவமும் கிடையாது. மடித்துப் பெட்டியில் அனுப்புவார், தொங்கவிடுபவர்கள் தங்கள் சுவருக்கு ஏற்ப மடித்துக்கொள்ளலாம். இந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

முகம் இல்லாவிட்டாலும் அதில் மனிதர் இருக்கிறார்கள். ஐரோப்பியர் ஆபிரிக்கக் கரைக்குச் சாராயம் கொண்டுவந்து, பண்டமாற்றாக அடிமைகளை ஏற்றிச் சென்றார்கள். அந்த வரலாறு அந்த மூடியில் ஒட்டியிருக்கிறது. 2015இல் வெனிஸ் கலைவிழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது கொடுத்தது. ‘என்ன உருவம்’ என்று தேடாமல், எதனால் செய்தது, எப்படி இணைத்தது, எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள்.

கேள்வி (ஒரு தாய், விசுவமடு): மகன் இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறான். பழைய சைக்கிள் செயின், கம்பி, தகரம் எல்லாம் பொறுக்கி வந்து ஏதோ உருவமில்லாமல் கட்டுகிறான். விடலாமா சேர்?

பதில்: விடுங்கள் அக்கா. ஆனால் முதலில் ஒன்று. பற்றைக்குள்ளும் வெறுங்காணியிலும் பொறுக்க விடவே வேண்டாம். போர் விட்டுப்போன வெடிபொருள் எங்கள் மண்ணில் இன்னும் கிடக்கிறது. என்னவென்று தெரியாத இரும்பைத் தொடாமல், அந்த இடத்தைக் கிராம அலுவலரிடமோ பொலிசிடமோ சொல்ல வேண்டும். சைக்கிள் கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் கேட்டு வாங்குகிற கழிவே அவனுக்குத் தாராளம். தகரம் வெட்டும்போது கையுறை போடட்டும்.

சோதனை முடியும்வரை சனி, ஞாயிறு மட்டும் என்று பேசி வையுங்கள். ஒரேயடியாக மறிக்காதீர்கள். உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்திரம் எடுக்கலாம். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திரப் பட்டப்படிப்பும் இருக்கிறது. செய்தவற்றைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன், திகதியோடு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.