“மரியாதை இல்லை” என்று மகளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறோம். என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். 8ஆம் வகுப்பு படிக்கும் மகளை ‘மரியாதைக் குறைவு, கீழ்ப்படியாமை’ என்று இரண்டு நாள் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். வகுப்பில் பேசாதே என்று டீச்சர் சொன்னபோது, “என்னை மட்டும் ஏன் சொல்றீங்க?” என்று கேட்டாளாம். அவளோடு பேசிய வெள்ளைக்காரத் தோழிக்கு ஒன்றும் இல்லை. ஊரிலிருக்கும் அம்மா, “மன்னிப்புக் கேட்கச் சொல்லி முடிச்சுவிடு” என்கிறார். கணவர் விடக்கூடாது என்கிறார்.

பதில்: கணவர் சொல்வதைக் கேளுங்கள். நம் ஊரில் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டால் விஷயம் அதோடு போய்விடும், அம்மா அந்த நினைப்பில் சொல்கிறார். அங்கே அப்படி இல்லை. சஸ்பென்ஷன் மகளின் பதிவேட்டில் ஏறும். பல பள்ளிகளின் விதிகளில் தண்டனை படிப்படியாகக் கூடும் என்பதால், அடுத்த சின்ன விஷயத்தையும் ‘மறுபடியும் செய்தாள்’ என்று எடுத்துக்கொள்வார்கள். நல்லெண்ணத்தில் எழுதிக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதமும் அந்தக் கோப்பில் ஒப்புதல் வாக்குமூலமாக உட்கார்ந்துவிடும்.

நீங்கள் மிகையாகச் சந்தேகப்படவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017-18 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவிகளில் கறுப்பினப் பெண்கள் 15 சதவீதம்தான். ஆனால் மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிய சஸ்பென்ஷன்களில் 45 சதவீதம் அவர்களுக்குப் போனது. ஒரே மாதிரி நடந்துகொண்டாலும் வெள்ளை மாணவிகளைவிட இவர்களுக்குக் கடுமையான தண்டனை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் 2017 ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது: 5 வயதிலிருந்தே கறுப்பினச் சிறுமிகளை அதே வயது வெள்ளைச் சிறுமிகளைவிட வயது முதிர்ந்தவர்களாக, அப்பாவித்தனம் குறைந்தவர்களாகப் பெரியவர்கள் பார்க்கிறார்கள். அதனால்தான் வேறு பிள்ளை கேட்டால் ‘குழந்தை, தெரியாமல் கேட்டுவிட்டது’ என்று போகிற கேள்வி இவள் வாயில் திமிராகிறது.

சரி, முதல் வேலை. பிரின்சிபாலுக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள், போனில் பேசினால் ஆதாரம் இருக்காது. எந்த விதியை மீறினாள், சரியாக என்ன சொன்னாள், யார் பார்த்தார்கள், சஸ்பெண்ட் செய்யும் முன் அவள் தரப்பை யார் கேட்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சட்ட பலம் உண்டு. ஒஹாயோ மாணவர்கள் தொடுத்த கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது: 10 நாளுக்குட்பட்ட சஸ்பென்ஷன் என்றாலும் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், பிள்ளை மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ‘மரியாதைக் குறைவு’ என்பது டீச்சரின் அபிப்பிராயம். நடந்ததை வரிக்கு வரி எழுதச் சொன்னால், மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கேள்வியும் ஒரு முகச்சுளிப்பும்தான். மகளையும் நினைவு மங்குமுன் தன் வார்த்தையில் எழுதச் சொல்லி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாமல் பள்ளியில் எதிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்புறம் பதிவேடு. கூட்டாட்சிச் சட்டப்படி, நீங்கள் கேட்ட 45 நாளுக்குள் அதைக் காட்டியாக வேண்டும். தவறான தகவல் இருந்தால் திருத்தக் கேளுங்கள். மறுத்தால் விசாரணை கேட்கலாம், அதிலும் முடியாவிட்டால் உங்கள் விளக்கத்தையாவது அதில் சேர்க்கலாம்.

கூட்டத்தில் “நீங்கள் இனவெறியர்” என்று ஆரம்பிக்காதீர்கள். உண்மையாகவே இருந்தாலும், பேச்சு டீச்சரின் மனம் புண்பட்டதைப் பற்றியதாக மாறிவிடும். தோழியின் பெயரைச் சொன்னால் அந்தரங்கம் என்று கதவை மூடுவார்கள். இந்த விதியின் கீழ் இந்த ஆண்டு எத்தனை பேரை சஸ்பெண்ட் செய்தீர்கள், இனம், பாலினம் வாரியாக எவ்வளவு என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பள்ளிவாரியான பழைய கணக்குகள் கூட்டாட்சிக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தொகுப்பிலேயே கிடைக்கும், அச்செடுத்துக் கொண்டு போங்கள். 2001இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, இனப்பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவின் கீழ் தனிநபர் வழக்குப் போட்டால் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபிக்க வேண்டும். அதனால் அதே வகுப்பில், அதே செயலுக்கு வேறு பிள்ளையை எப்படி நடத்தினார்கள் என்பதே உங்கள் கையிலிருக்கும் வலுவான துருப்பு.

பிரின்சிபால் மசியாவிட்டால், அந்த வட்டாரப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு எழுத்தில் முறையீடு. அதற்கும் மேலே, கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் சம்பவம் நடந்த 180 நாளுக்குள் புகார் தரலாம். புகாரைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். அந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7 கிளைகளை 2025 மார்ச்சில் மூடிவிட்டார்கள். உள்ளூர் இலவசச் சட்ட உதவி மையத்தை இணையாக அணுகுவது நல்லது.

மகளுக்குக் கற்றல் குறைபாடோ கவனச்சிதறலோ இருந்தால் அதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லுங்கள், அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்த இரண்டு நாள் பாடங்களையும் அதிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.