புது ஆர்.வி. ஒழுகுகிறது, டீலர் இழுத்தடிக்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். ஐந்து மாதங்களுக்கு முன் புது ஆர்.வி. (வீட்டு வசதியுள்ள வண்டி) ஒன்று வாங்கினோம், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர். முதல் பெருமழையிலேயே படுக்கைக்கு மேல் கூரை ஒழுகியது. டீலரிடம் விட்டு ஏழு வாரம் ஆகிறது. கேட்டால், "கம்பெனி இன்னும் அனுமதி தரவில்லை" என்கிறார்கள். மாதத் தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. காருக்கு இருப்பதுபோல இதற்கும், குறை தீராத வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வைக்கும் லெமன் சட்டம் உண்டா?

பதில்: சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். வண்டி இப்போது டீலரிடம் கூரைக்கடியில் நிற்கிறதா, திறந்தவெளியில் நிற்கிறதா? இன்றே விசாரியுங்கள். வெளியில் என்றால், ஒழுகும் இடத்தை உடனே மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பல டிரெய்லர்களின் சுவர் ஃபைபர்கிளாஸ், மெல்லிய பிளைவுட், ஃபோம் ஆகியவற்றைப் பசையால் ஒட்டி அழுத்திச் செய்தது. உள்ளே நீர் இறங்கினால் பசை விட்டுப்போய் வெளிச்சுவர் கொப்புளம்போல் உப்பும். அதன்பின் சீலன்ட் பூசிப் பயனில்லை, சுவரையே பிரிக்க வேண்டிவரும்.

ஏன் இந்தத் தாமதம்? வாரண்டி வேலைக்குப் பணம் தருவது தயாரிப்பாளர். டீலர் படம் எடுத்து அனுப்பி, அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்கும். அதற்குக் கிடைக்கும் கூலியும் பல நேரம் வெளி வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதனால் கையில் காசு தருபவரின் வண்டி முந்திக்கொள்கிறது. வேறு டீலரிடம் போனாலோ, "எங்களிடம் வாங்கியதில்லையே" என்று திருப்பி அனுப்புவது சாதாரணம். இது அநியாயம்.

குறையின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அங்கே பல ஆலைகளில் முடித்த வண்டிகளின் எண்ணிக்கையை வைத்தே கூலி. கொரோனா காலத்தில் தேவை எகிறியதில் 2021-இல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. அந்த வேகத்தில் தவறிய சோதனை வாங்கியவர் தலையில் விழுகிறது. குளிர்சாதனப் பெட்டி, சக்கர அச்சு, ஸ்லைடு-அவுட் (வெளியே நீளும் அறைப் பகுதி) எனப் பாகத்துக்கொரு கம்பெனி, கம்பெனிக்கொரு வாரண்டி வேறு.

லெமன் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இழுவை டிரெய்லரைச் சேர்க்காத மாநிலங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் மோட்டார் ஹோமுக்குக்கூட (சொந்த எஞ்சினில் ஓடும் ஆர்.வி.), ஓடும் பாகங்களுக்குப் பொருந்தும் அந்த விதி குடியிருக்கும் பகுதிக்குப் பொருந்தாது. ஆகவே நீங்கள் நம்பத்தக்கது நாடு முழுவதற்குமான, 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம். எழுத்தில் தந்த வாரண்டியைத் தயாரிப்பாளர் காப்பாற்றாவிட்டால் வழக்குப் போடலாம். வென்றால் வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பே தரும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். வாரண்டித் தாளில் எந்த மாநிலத்தில் வழக்கிட வேண்டும், மத்தியஸ்தம் கட்டாயமா என்ற வரிகளை முதலில் படியுங்கள்.

இனி எதையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வாகன அடையாள எண், ஒப்படைத்த தேதி, இதுவரை நின்ற நாட்கள் எல்லாம் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கே நேராக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ரிப்பேர் ஆர்டர் நகலை வாங்குங்கள். "குறை தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் அது சான்றுதான். பொதுவாக வாரண்டி ஓராண்டுதான், அது முடியுமுன் பழுதில் நின்ற நாட்களுக்கு எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வக்கீலைக் கேட்காமல் நிறுத்தினால் கடன் மதிப்பெண் சரியும், வண்டியும் பறிபோகலாம்.

கேள்வி: அடுத்த மாதம் மோட்டார் ஹோம் எடுக்கிறோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: மேலே உள்ள கடிதத்தைப் படித்திருப்பீர்கள். கையெழுத்துக்கு முன்புதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. தண்ணீர், எரிவாயு, மின்சாரம் மூன்றையும் இணைக்கச் சொல்லி எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். அரை நாளாவது பிடிக்கும். டீலரைச் சாராத பரிசோதகரை அமர்த்தினால் இன்னும் நல்லது. டயர் ஓரத்தில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரம். புது வண்டியில் பழைய டயர் இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். "டெலிவரி எடுங்கள், குறையைப் பிறகு சரிசெய்கிறோம்" என்றால், சரிசெய்த பிறகே வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.