எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஜாஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு ஆண்டுகளாக ஜாஸ் பியானோ பயின்று வருகிறேன். தாளில் ஒவ்வொரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) கீழும் அதற்குரிய ஸ்கேலை (சுர வரிசையை) எழுதி வைத்துக்கொண்டுதான் மனோதர்மமாக வாசிக்க முயல்கிறேன். தவறான சுரம் விழுவதில்லை. ஆனாலும் கேட்பதற்குப் பயிற்சிப் பாடம் போலவே இருக்கிறது. என் பகுப்பாய்வில் எங்கே பிழை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிழை என்பதைவிட, எழுத்துக்கூட்டிப் படிக்கிறீர்கள் என்பேன். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற கார்டு வரிசைக்கு டோரியன், மிக்ஸோலிடியன், அயோனியன் என்று ஸ்கேல் பெயர்களை எழுதியிருப்பீர்கள். மூன்றிலும் இருப்பவை சி மேஜரின் அதே ஏழு சுரங்கள்தாம். கார்டு மாறும்போது எது நகர்கிறது என்பதை அந்தத் தாள் உங்களுக்குச் சொல்வதில்லை.

அதை அறிய, ஒவ்வொரு கார்டிலும் அதன் பெயருக்குரிய சுரத்தை முதலாவதாக எண்ணி, மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் இடக்கையில் வாசித்துப் பாருங்கள். டி மைனர் செவனில் அவை எஃப், சி. ஜி செவன் வரும்போது எஃப் இருந்த இடத்திலேயே இருக்க, சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது; அடுத்து சி மேஜர் செவனில் பி அசையாமல் நிற்க, எஃப் இறங்கி ஈ ஆகிறது. அந்த ஈ புதிய பாரின் (தாளச் சுற்றின்) முதல் பீட்டில் (தட்டில்) விழும்படி வலக்கை வரியை அமைத்தால், பின்னணியில் யாரும் கார்டு வாசிக்காவிட்டாலும் மாற்றம் காதில் விழும்.

ஜெரோம் கெர்ன் 1939இல் இசையமைத்த ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ பாடலில் இதையே தேடுங்கள். முதல் ஐந்து பார்களின் ஐந்து கார்டுகளும் ஏ ஃபிளாட் மேஜருக்குள் அடங்குபவை. அவற்றுக்கு ஐந்து ஸ்கேல் எழுதுவது வீண் வேலை. ஐந்தாவதான டி ஃபிளாட் மேஜர் செவனிலிருந்து ஜி செவன் வழியாகப் பாடல் சி மேஜருக்குத் தாவுகிறது. காகிதத்தில் அது பெரிய தாவல். விரலிலோ, டி ஃபிளாட் மேஜர் செவனின் மூன்றாம், ஏழாம் சுரங்களும் எஃப், சி தாம். மேலே சொன்ன அதே இரண்டு இறக்கங்கள் போதும். கெர்னின் மெட்டும் அந்த இடத்தில் எஃப், பி, ஈ என்று மூன்றாம் சுரங்களையே பற்றிச் செல்கிறது (மெட்டைப் பாடிப் பார்க்காமல் கார்டுகளை மட்டும் ஆராய்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்).

ஸ்கேல் பெயர்களை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவுசெய்த ‘ஸோ வாட்’டில் முதல் 16 பார்களும் டி டோரியன் மட்டுமே, இறங்கிச் சேர அடுத்த கார்டு இல்லாத அத்தகைய இடத்தில் உங்கள் பழைய தாளே உதவும்.

அன்புடன்.