வணிக டிப்ளமோ: பெயருக்கு முன் முத்திரையைப் பாருங்கள்

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியான கையோடு இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பல, வணிகம், மேலாண்மை சார்ந்த டிப்ளமோ படிப்புகளைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலரும் எழுப்பியிருப்பதால், ஐந்து கடிதங்களை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறாள். அலுவலக வேலையிலும் கணக்கு எழுதுவதிலும் விருப்பம் உள்ளவள். பாலிடெக்னிக்கில் ‘கமர்ஷியல் பிராக்டிஸ்’ டிப்ளமோ சேர்க்கலாமா, பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்துப் பின்னர் பி.காம். படிக்க வைக்கலாமா? பாலிடெக்னிக் என்றால் லேத் பட்டறைதானே என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: உறவினர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், அம்மா. தமிழகத்துப் பாலிடெக்னிக் கல்லூரிகளில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில் பிரிவுகளுக்கே இடங்கள் அதிகம் என்பதால் அப்படியோர் எண்ணம் ஊரில் பரவியிருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத் தகுதியாகக் கொண்டு, மூன்றாண்டுகளில் கணக்குப்பதிவியல், வணிகக் கடிதப் போக்குவரத்து, இருமொழித் தட்டச்சு, சுருக்கெழுத்து, கணினி ஆகியவற்றைக் கற்பிக்கும் ‘கமர்ஷியல் பிராக்டிஸ்’, ‘மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ்’ ஆகிய டிப்ளமோக்களும் அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ்தான் நெடுங்காலமாக நடந்துவருகின்றன.

இரண்டில் எது நல்லது என்பதைப் படிப்பை வைத்து முடிவு செய்ய முடியாது. மகள் எந்த வயதில் சம்பாதிக்கத் தொடங்க வேண்டும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பட்டயக் கணக்கர் ஆக வேண்டும், வங்கி அதிகாரித் தேர்வு எழுத வேண்டும் என்ற நோக்கம் இப்போதே உறுதியாக இருந்தால், பிளஸ் ஒன் வணிகவியலும் அதன்பின் பி.காம். பட்டமும்தான் நேர்வழி. அப்படி இல்லாமல், பதினெட்டு பத்தொன்பது வயதில் ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து குடும்பத்துக்குக் கைகொடுக்க வேண்டிய நிலை இருந்தால், நான் டிப்ளமோ பக்கமே சாய்வேன். பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கேட்கும் பெண்ணுக்கும், இரண்டு மொழியிலும் தட்டச்சு தெரிந்து பேரேடு எழுதத் தெரிந்த பெண்ணுக்கும், வேலை கொடுப்பவர் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு.

அரசு வேலை மனத்தில் இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, தட்டச்சு அரசுத் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை), அல்லது ஒன்றில் ஹையரும் மற்றொன்றில் லோயரும் (இளநிலை) கேட்கப்படுகிறது. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், ஹையருக்கு 45 சொற்கள். டிப்ளமோவிலேயே தட்டச்சுத் தாள் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் அந்த அரசுத் தேர்வுகளை முதலாண்டிலிருந்தே தனியாக எழுதி வரச் சொல்லுங்கள். தமிழ்த் தட்டச்சை ஒத்திப்போட வேண்டாம். தட்டச்சுப் பொறியில் ‘க்’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் நகராத விசையில் புள்ளியை வைத்துவிட்டு அதன்பின் ‘க’வைத் தட்ட வேண்டும், கையால் எழுதும் வரிசைக்கு நேர்மாறான இந்தப் பழக்கம் விரலில் படிய மாதங்கள் ஆகும்.

டிப்ளமோ முடித்தவர்களை பி.காம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் வழியும் சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கல்லூரியில் அது உண்டா என்பதைப் பாலிடெக்னிக்கில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவி என்றால், மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் டிப்ளமோ மாணவியருக்கும் பொருந்தும். கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தனியார் நிறுவனம் ‘டிப்ளமோ இன் பிசினஸ் மேனேஜ்மென்ட்’ என்ற ஓராண்டுப் படிப்பை நடத்துகிறது. கட்டணம் 85,000 ரூபாய். ஐஎஸ்ஓ சான்று பெற்றது, நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். நாளைக்குள் முன்பணம் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி. சேரலாமா? (வாசகர், சேலம்)

பதில்: நாளைக்குள் கட்ட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நாளைக்குள் கட்டாதீர்கள், தம்பி. உண்மையில் மதிப்புள்ள படிப்பு அடுத்த வாரமும் அதே விலையில்தான் இருக்கும்.

பி.காம்., பி.பி.ஏ. போன்ற பட்டங்களை வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது. பல்கலைக்கழகமாகவோ அதற்கு இணையாகவோ இல்லாத ஒருவர் பட்டம் கொடுத்தால் அது குற்றம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது பட்டங்களைப் பற்றி மட்டுமே. ‘டிப்ளமோ’ என்ற சொல்லைச் சுற்றி அவ்வளவு இறுக்கமான வேலி இல்லாததால், மாடிப்படிக்கு மேலே இரண்டு அறை எடுத்தவர்கூடப் பொன்னிற முத்திரை பதித்த தாளை அச்சடித்துவிடுகிறார். ஆகவே படிப்பின் பெயரைக் கடைசியில் படியுங்கள். சான்றிதழின் அடியில் யாருடைய முத்திரை விழப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். அது தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா, ஒரு பல்கலைக்கழகமா, தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் அங்கீகரித்த அமைப்பா, அல்லது அந்த நிறுவனமே தனக்குத்தானே குத்திக்கொள்ளும் முத்திரையா?

ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் நிர்வாக நடைமுறைகளை ஓர் ஒழுங்கில் வைத்திருக்கிறது என்பதற்கான சான்று. பிஸ்கட் ஆலையும் அதைப் பெறலாம், மருத்துவமனையும் பெறலாம். அங்கே படித்த படிப்பை அரசோ பல்கலைக்கழகமோ ஏற்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சிறுதொழில் பதிவு, அறக்கட்டளைப் பதிவு, கம்பெனிப் பதிவு ஆகியவற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள். அவையும் இதே வகைதான். வேலை உறுதி என்பதை ரசீதோடு கொடுக்கும் விதிமுறைத் தாளில் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் ‘உறுதி’யாக இருந்த சொல், அங்கே பெரும்பாலும் ‘உதவி’யாக இளைத்திருக்கும்.

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைச் சில ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் எடுக்கும்போது பத்துப் பில்களையும் ஒரு பக்க வங்கி அறிக்கையையும் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வது எங்கள் வழக்கம். ஒருமுறை, நீங்கள் சொல்வதைப் போன்ற டிப்ளமோவோடு ஓர் இளைஞர் வந்தார். தலைமைப் பண்பு, ஊக்கமூட்டல், சந்தைப் பிரிவு என்று சரளமாகப் பேசினார். ஓசூரிலிருந்து பெங்களூருவுக்குப் போன சரக்கின் பில்லை எடுத்து, ஒரு மணி நேரப் பயணத் தொலைவுதானே என்று எண்ணினாரோ என்னவோ, மத்திய அரசுக்குச் சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று வரியை இரண்டாகப் பிரித்துப் போட்டார். மாநில எல்லையைத் தாண்டிய சரக்குக்கு ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரிதான் என்பது அவருக்குச் சொல்லித் தரப்படவே இல்லை. அதே நாளில் வந்த இன்னொரு பெண்ணிடம் தட்டச்சுச் சான்றிதழும், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த அனுபவமும் மட்டுமே இருந்தன. கொள்முதல் பில்லைக் கையில் எடுத்ததும், “இது நம்ம 2பி-யில வந்திருக்கா சார்?” என்று கேட்டார். விற்றவர் தன் விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்தப் பில்லை ஏற்றியிருந்தால்தான் அது நம்முடைய 2பி பட்டியலில் தெரியும், தெரிந்தால்தான் கட்டிய வரியை நாம் கழித்துக்கொள்ள முடியும் என்பது அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. வேலை யாருக்குக் கிடைத்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்த நிறுவனத்திடம் மூன்றைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு படித்தவர்களில் ஐந்து பேரைச் சந்திக்க முடியுமா, பயிற்சி எந்த அலுவலகத்தில் எத்தனை வாரம், இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும். பதில் மழுப்பலாக வந்தால், 85,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். விண்ணப்பியுங்கள். மாலையில் தட்டச்சுக்குப் போங்கள், விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளாக இருங்கள். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி), 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20-இல் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி என்று அந்த அலுவலகம் ஓடும் ஓட்டத்தைக் கூடவே ஓடிப் பார்த்தால்தான் இந்தத் தொழில் பிடிபடும்.

கேள்வி: டேலி என்ற கணக்கு மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டால் கணக்கர் வேலைக்குப் போதாதா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: போதாது. எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 அழுத்தினால் ரிசீப்ட் என்பதைப் பத்து நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். கடைப் பெட்டியிலிருந்த ரொக்கத்தை வங்கியில் கட்டினால் அது இரண்டுமில்லாமல் எஃப்4 கான்ட்ராவில் ஏன் போகிறது என்று தெரிய, பற்று வரவு தெரிந்திருக்க வேண்டும். முதலில் காகிதத்தில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, அதன்பின் மென்பொருள்.

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கூட்டுறவு மேலாண்மை டிப்ளமோ படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: படித்த உடனே கிடைத்துவிடாது, தேர்வு எழுதும் தகுதி கிடைக்கும், அதுவே இங்கே பெரிய விஷயம். மேலாண்மை என்ற பெயரைத் தாங்கிய டிப்ளமோக்களில், வேலை விளம்பரமே பெயர் சொல்லிக் கேட்கும் படிப்பு இது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவற்றில் உதவியாளர் பணிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் வெளியிடும் அறிவிப்புகளில், பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் தகுதியாகக் கேட்கப்படுகிறது. கூட்டுறவைப் பாடமாகக் கொண்ட சில பட்டங்களுக்கு விலக்கு உண்டு. வரலாற்றுப் பட்டத்துக்கு இல்லை. ஆகவே உங்களுக்கு இது தேவை.

தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கீழுள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் இதை முழுநேரமாகப் படிக்கலாம். கணினியோடு நகை மதிப்பீடும் கற்றுத் தருகிறார்கள். நகை மதிப்பீட்டைச் சிறியதாக நினைக்காதீர்கள். கிராமத்துக் கடன் சங்கத்தில் விதைப்புக் காலத்தில் வரிசையில் நிற்பவர்களில் பலர் கையில் இருப்பது நகைதான். உரைகல்லில் இழுத்துப் பார்த்து, கல்லும் அரக்கும் போக நிகர எடையைக் கணக்கிடத் தெரிந்தவரைச் சங்கம் மறக்காது. நியாயவிலைக் கடை விற்பனையாளர், கட்டுநர் பணிகளுக்கு மட்டும் இந்த டிப்ளமோ தேவையில்லை. அதற்காகச் சேர்கிறவர்களும் இருப்பதால் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வையாளர். தொலைநிலைக் கல்வியில் மேலாண்மை டிப்ளமோ படித்தால் பதவி உயர்வு கிடைக்குமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இதை என்னிடம் கேட்பதற்கு முன் உங்கள் கம்பெனியின் ஹெச்ஆரிடம் கேட்டிருக்க வேண்டும். எந்தப் பதவிக்கு எந்தத் தகுதி என்று அவர் வாயால் சொல்லட்டும். பட்டம் இல்லாததுதான் தடை என்றால், டிப்ளமோவில் ஓராண்டைச் செலவிடாமல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ நேராகப் பட்டப்படிப்பில் சேர்வது மேல். வேறு பல்கலைக்கழகம் என்றால், தொலைநிலைக் கல்விக்கு அந்த ஆண்டுக்கான அனுமதி அதற்கு இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் சரிபார்த்துவிடுங்கள்.

பட்டம் தடையில்லை என்று சொன்னால், பொதுவான மேலாண்மைப் பாடத்தை விட்டுவிட்டு ஏற்றுமதி ஆவணங்களைக் கற்றுத் தரும் குறுகிய காலப் பயிற்சியைத் தேடுங்கள். பேக்கிங் லிஸ்ட் உங்கள் மேசையிலிருந்துதான் கிளம்புகிறது. அதிலுள்ள பெட்டி எண்ணிக்கையும் நிகர எடையும் இன்வாய்சிலும், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லிலும் பொருந்தாவிட்டால் துறைமுகத்தில் சரக்கு நின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தாள் உங்கள் மேசையை விட்டுப் போனபின் யார் யார் கையைத் தொடுகிறது என்று ஆவணப் பிரிவில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது கேள்வியே வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.