மூன்றாவது கேஸ்கட் வாங்கும் முன்

கேள்வி: ஐயா, குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். பழைய டீசல் கார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது சூடாகி ஹெட் கேஸ்கட் போனது. தேனியில் ஒரு பட்டறையில் மாற்றினேன். சில மாதத்தில் மறுபடி போய், மறுபடி மாற்றியாயிற்று. இப்போதும் கூலன்ட் டப்பாவில் குமிழ் வருகிறது. ‘கம்பெனி கேஸ்கட் வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும்’ என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே, சிலிண்டர் வாயுவும் கூலன்டும் கலக்காமல் அடைக்கும் தகடு. சுமாரான கேஸ்கட்கூட ஒழுங்காக உட்கார்ந்தால் வருடக்கணக்கில் ஓடும்.

முதலில் பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்குங்கள், குப்பையில் போட்டிருக்காவிட்டால். இரண்டு முறையும் ஒரே சிலிண்டர் பக்கம் கருகியிருந்தால் அந்த இடத்தில் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசலோ பள்ளமோ இருக்கலாம். வேறு வேறு இடம் என்றால் இறுக்கியதிலும், வண்டி சூடாவதிலும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து பில். ஹெட்டை லேத்தில் பேசிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்த கூலியும் புது ஹெட் போல்ட்டும் அதில் உண்டா? பல இன்ஜின்களில் ஹெட் 0.05 மி.மீ. வளைந்தாலே அதிகம், நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்தால்தான் தெரியும். ஹெட்டை அளந்துவிட்டு பிளாக்கின் மேல்பரப்பை மறந்துவிடும் பட்டறைகள் நிறைய. போல்ட்டும் பல வண்டிகளில் ஒருமுறைக்குத்தான், இறுக்கும்போதே நீண்டுவிடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ‘கைக்கணக்கில்’ இறுக்குகிற இடத்தில் வண்டியை விடவே கூடாது. பல டீசல் இன்ஜின்களில் கேஸ்கட்டே இரண்டு மூன்று தடிமனில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், முதல் தடவை ஏன் சூடானது? ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கும். ‘சூடாகாது’ என்று தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) கழற்றி எறிந்திருந்தால் புதிது போடுங்கள்.

பிரிப்பதற்கு முன் கம்பஷன் வாயு சோதனை கேளுங்கள். கூலன்ட் வாயில் வைக்கும் குழாயிலுள்ள நீலத் திரவம் நிறம் மாறினால், எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது. எந்த சிலிண்டர் என்பதை, ஒவ்வொன்றிலும் காற்றை அழுத்திக் கசிவு பார்க்கும் லீக் டவுன் சோதனை காட்டிவிடும்.

பட்டறை பொறுப்பேற்க மறுத்தால் எழுத்தில் கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் செய்யலாம். பட்டறை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில் என்று தயங்க வேண்டாம்: 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.